பன்னிரண்டு தைலப் போத்தலும் ஒரு முதுகுப்பையும்

போன மாதப் பத்தியைப் படித்துவிட்டு ஒரு தாய் எழுதியிருந்தா. "எப்ப பார்த்தாலும் தமிழ் வகுப்பு, வீட்டுப்பாடம், பிள்ளையளின்ர சாப்பாடு. உங்களுக்கெண்டு ஒண்டும் செய்யிறேல்லையோ?" நியாயமான கேள்விதான். அதனால் இந்த மாதம், பிள்ளைகள் இரண்டையும் இவரிடம் விட்டுவிட்டு நான் ஊர் சுற்றிய கதை. போன வருடம் மார்ச் மாதம், பதினாறு நாள், வியட்நாம். கூட வந்தது என் பள்ளிக்கூடச் சிநேகிதி. ஆளுக்கொரு முதுகுப்பை, அவ்வளவுதான் சாமான்.

அவ்வளவுதான் என்று நான் நினைத்திருந்தேன். பையின் கதைக்குப் பிறகு வருகிறேன்.

சிநேகிதி தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நாங்கள் பேசிக்கொள்வது இங்கிலிஷில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன். ஸ்காபரோவில் ஐந்தாம் வகுப்பில் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டவர்கள் நாங்கள். என் டப்பாவில் சோறும் மீன் குழம்பும். அவளுடையதில் மீன் சோஸ் ஊற்றிய சோறு. மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போய்விட, மேசையின் ஒரு பக்கம் முழுக்க எங்கள் இரண்டு பேருக்கும்தான். அப்படித் தொடங்கிய சிநேகிதம்.

அவளுடைய அப்பா அம்மா மேகொங் ஆற்றங்கரையில் இருக்கும் மீ தோ என்ற பட்டினத்துக்காரர். 1979ல் வள்ளத்தில் புறப்பட்டு, மலேசியாவின் புலாவ் பிடொங் தீவு முகாமில் கிடந்து, 1980ல் ரொறன்ரோ வந்தவர்கள். அந்த இரண்டு வருடங்களில் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து ஏறக்குறைய 60,000 பேரைக் கனடா எடுத்தது. நாங்கள் வந்தது 1986ல். நான் கைக்குழந்தை, வந்ததும் விமானத்தில்தான். ஆனால் அதே வருடம் ஆகஸ்டில் எங்கட ஆட்கள் 155 பேர் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்ததையும், மீனவர்கள் அவர்களைக் கரைசேர்த்ததையும் ரொறன்ரோவில் எந்தத் தமிழ் வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள். அகதிகளை ஏற்றுக்கொண்டதற்காக ஐ.நா. கனேடிய மக்களுக்கு நான்சன் பதக்கம் கொடுத்ததும் அதே 1986லேதான். "அது எங்கட வள்ளத்துக்குக் கிடைச்ச மெடல்" என்று அவள் சொல்ல, "இல்லை, எங்கட வள்ளத்துக்கு" என்று நான் சொல்ல, பள்ளிக்கூடத்தில் இதற்கே ஒரு நாள் சண்டை பிடித்திருக்கிறோம்.

இருபத்தொரு வயதில் முதுகுப்பை தூக்கிக்கொண்டு வியட்நாம் போவது என்று திட்டம் போட்டோம். என் அப்பா பேப்பரில் இருந்து தலையை எடுக்காமலே, "குமர்ப்பிள்ளையள் ரெண்டும் தனிய போறதோ? கலியாணம் கட்டிப்போட்டுப் போங்கோ" என்றார். அவளுடைய அம்மா சொன்னது வேறு: "நாங்கள் உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு ஓடி வந்த இடத்துக்கு நீ காசு குடுத்துப் போறியா?" இரண்டு வீட்டிலும் கதை முடிந்தது. பிறகு படிப்பு, வேலை, கலியாணம், பிள்ளைகள், வீட்டுக்கடன். திட்டம் பதினெட்டு வருடம் அப்படியே கிடந்தது. நாற்பது வரமுதல் போகாவிட்டால் பிறகு முழங்கால் விடாது என்று ஒரு நாள் அவள்தான் டிக்கெட்டைப் போட்டாள். "சூட்கேஸை எடுத்துக்கொண்டு நல்ல ஹோட்டலில நில்லுங்கோவன்" என்று இவர் சொல்லிப் பார்த்தார். இல்லை. முதுகுப்பை என்றுதான் அப்போது பேச்சு. முதுகுப்பைதான்.

இனிப் பையின் கதை. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன் அவளுடைய அம்மா வந்தா. கையில் பன்னிரண்டு போத்தல் பச்சைத் தைலம். தலையிடி, தடிமன், வயிற்று வலி, பஸ்ஸில் வரும் குமட்டல், எல்லாவற்றுக்கும் வியட்நாம் வீடுகளில் அந்தத் தைலம்தான். எங்கட வீடுகளில் சித்தாலேப மாதிரி. அதோடு இரண்டு பெரிய போத்தல் விற்றமின், ஒரு கம்பளிச் சட்டை. எல்லாம் மீ தோவில் இருக்கும் தன் மூத்த சகோதரிக்கு. தானாக ஒரு நாளும் திரும்பிப் போகாத மனுசி. தாய் செத்ததற்கும் போக முடியாமல் போனது. போகாத ஆளின் சாமான் மட்டும் எங்கள் முதுகில் ஏறியது. ஆறு போத்தல் அவளுக்கு, ஆறு எனக்கு.

ஹனோயில் இறங்கியபோது தூவானம். மார்ச்சில் அங்கே அப்படித்தானாம், மழையும் இல்லை, வெயிலும் இல்லை, உடுப்புக் காயாது. விடுதியில் ஆறு பேர் படுக்கும் அறை, இரண்டடுக்குக் கட்டில். மற்ற நான்கு பேருக்கும் இருபத்திரண்டு வயதுக்கு மேல் இராது. எங்களுக்குக் கீழ்க்கட்டிலை விட்டுக்கொடுத்தார்கள். நன்றி சொல்வதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

ஹோவான் கியம் ஏரியைச் சுற்றி நடந்தோம். பழைய பட்டினத்துக்குள் நடந்தோம். அந்தத் தெருக்களின் பெயர்களிலேயே எந்தத் தெருவில் என்ன விற்றார்கள் என்பது இருக்கிறது: வெள்ளித் தெரு, சீனித் தெரு, கடதாசிச் சாமான் தெரு. சிலவற்றில் இன்றைக்கும் அதே வியாபாரம்தான். றோட்டைக் கடப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். மோட்டார் சைக்கிள் வெள்ளம் நிற்கவே நிற்காது. மெதுவாக, ஒரே வேகத்தில், நின்றுவிடாமல் நடக்க வேண்டும். அவர்கள் எங்களைச் சுற்றிப் போவார்கள். பயந்து ஓடினால்தான் அடிபடும். காசிலும் கவனம் வேண்டும். 20,000 டொங் தாளும் நீலம், 500,000 டொங் தாளும் நீலம். மாம்பழம் வாங்கிய இடத்தில் நான் பெரிய தாளைக் கொடுத்துவிட்டு நடக்க, விற்ற மனுசி கூடையை வைத்துவிட்டு ஓடி வந்து திருப்பித் தந்தா.

முதல் நாள் நூடில்ஸ் கடையிலேயே அந்தச் சம்பவம் நடந்தது. பரிமாறிய பெட்டைக்கு இருபது வயது இருக்கும். சிநேகிதி வியட்நாம் மொழியில் ஏதோ கேட்டாள். பெட்டை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உள்ளே போய்ச் சொல்ல, சமைக்கிற மனுசியும் எட்டிப் பார்த்துச் சிரித்தா. சிநேகிதியின் முகம் சிவந்துபோனது. சாப்பிட்டு முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. வெளியில் வந்துதான் சொன்னாள்.

அவர்களுடைய மொழியில் "நான்", "நீ" என்று பொதுவாகச் சொல்லும் வழக்கம் குறைவு. எங்களுடைய முறைப்பெயர்களைப் போலத்தான், ஆனால் அதைவிட இறுக்கம். உன்னைவிட இளையவர் என்றால் அவர் "எம்", தங்கச்சி அல்லது தம்பி. அவரிடம் நீ உன்னையே "சி", அக்கா என்று சொல்ல வேண்டும். அப்பாவின் தம்பிக்கு ஒரு சொல், அண்ணனுக்கு வேறு சொல், அம்மாவின் சகோதரனுக்கு இன்னொரு சொல். சித்தப்பா, பெரியப்பா, மாமா என்று எனக்கு இது உடனே விளங்கியது. ஒரு வெள்ளைக்காரருக்கு விளங்கப்படுத்த ஒரு மணித்தியாலம் வேண்டும். பெற்றோரிடமும் அவர்கள் வயது ஆட்களிடமும் பேசும்போது ஒருவர் தன்னைச் சொல்லும் சொல் "கொன்". கொன் என்றால் பிள்ளை.

சிநேகிதி வாழ்க்கையில் அந்த மொழியைப் பேசியது அப்பா அம்மாவோடும் அவர்களுடைய சிநேகிதர்களோடும் மட்டும்தான். அதனால் அவளுக்குத் தெரிந்த "நான்" அது ஒன்றுதான். முப்பத்தொன்பது வயது, இரண்டு பிள்ளைகளின் தாய், இருபது வயதுப் பெட்டையிடம் போய் "பிள்ளைக்குத் தண்ணி தாங்கோ" என்று கேட்டிருக்கிறாள்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

அது மட்டும் இல்லை. அவள் பேசுவது தெற்கு வழக்கு. கோப்பைக்கும் கரண்டிக்கும் அன்னாசிக்கும் வடக்கில் வேறு சொல். அம்மாவுக்கே வேறு சொல்: அங்கே "மே", அவர்கள் வீட்டில் "மா". டாக்சிக்காரரிடம் விமான நிலையத்தைப் பற்றிப் பேசும்போது "ஃபி ட்ரூங்" என்றாள். அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்து, "பழைய படத்தில கதைக்கிற மாதிரி இருக்குது" என்றாராம். இப்போது எல்லோரும் "சன் பாய்" என்கிறார்கள். 1975க்கு முந்திய சைகோனின் சொற்களை அவளுடைய அப்பா அம்மா வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுவந்து ஸ்காபரோவில் அப்படியே வைத்திருந்திருக்கிறார்கள். இதை வாசிக்கிற உங்களுக்கு விளங்கும். கொழும்பில் ஒரு கடையில் நான் கதைத்ததைக் கேட்டு, "அக்கா எங்கட அப்பம்மா மாதிரிக் கதைக்கிறா" என்று ஒரு பெடியன் சொன்னது எனக்கு மறக்கவில்லை.

ஹனோயிலிருந்து ஹுவேக்கு இரவு ரயில், ஏறக்குறைய பதின்மூன்று மணித்தியாலம். ஹனோயையும் சைகோனையும் இணைக்கும் அந்தப் பாதை 1,726 கிலோமீற்றர் நீளம். போரில் துண்டு துண்டாகிப் போனதை 1976ல் திரும்ப ஓட வைத்தார்கள். நாங்கள் எடுத்தது மலிவான படுக்கை, ஒரு அறைக்கு ஆறு பேர், ஒரு பக்கம் மூன்று தட்டு. மேல்தட்டில் எழும்பி இருக்க முடியாது, சவப்பெட்டி அளவு. கீழ்த்தட்டில் ஒரு பாட்டி. ஏறி இருந்ததும் சிநேகிதியிடம் அவ கேட்ட முதல் கேள்வி, "உனக்கு என்ன வயசு?" வயது தெரிந்தால்தானே எப்படிக் கூப்பிடுவது என்று தெரியும். அடுத்து, கலியாணம் கட்டியாச்சா, எத்தினை பிள்ளையள், அப்பா அம்மா எவடம். "எவடம், ஆற்ற மகள்?" என்று தொடங்கும் எங்கட ஆட்களிடம் பழகியவளுக்கு இதெல்லாம் பெரிய விசயமே இல்லை. பாட்டி அவித்த வேர்க்கடலை தந்தா. சிநேகிதி அவவிடம் "கொன்" என்றபோது யாரும் சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன், அவள் கவனிக்கவில்லை.

ஹுவேயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1802 முதல் 1945 வரை அரசர்களின் தலைநகர். கோட்டைக்குள் பாதி இடம் வெறும் புல்தரை. 1968 சண்டையில் தரைமட்டமான மாளிகைகளின் படிக்கட்டுகள் மட்டும் நிற்கின்றன, ஏறிப் போனால் மேலே ஒன்றும் இல்லை. அங்கேயிருந்து டா நாங்குக்குப் போகும் பகல் ரயில்தான் முழுப் பயணத்திலும் எனக்குப் பிடித்தது. ஹாய் வான் மலையைச் சுற்றி ரயில் மெதுவாக ஊர்ந்து போகும். ஒரு பக்கம் காடு, மறுபக்கம் நேரே கீழே கடல். மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்ட, இரண்டு பேரும் ஜன்னலை விட்டு நகரவில்லை.

டா நாங்கில் இறங்கி ஹோய் ஆனுக்குப் போனோம். அங்கேயிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றரில் மீ சன். மலைகள் சுற்றி வளைத்த ஒரு பள்ளத்தாக்கில் சிவப்புச் செங்கல் கோயில்கள். நான்காம் நூற்றாண்டிலிருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை சாம்பா நாட்டு அரசர்கள் கட்டியவை. பத்திரவர்மன் என்ற அரசன் சிவனுக்கு முதல் கோயிலைக் கட்டி, தன் பெயரையும் ஈஸ்வரனையும் சேர்த்துப் பத்திரேஸ்வரன் என்று வைத்தான். தஞ்சாவூரில் இராஜராஜன் தன் கோயிலுக்கு இராஜராஜேச்சரம் என்று பெயர் வைத்தது இதற்கு ஆறு நூற்றாண்டுக்குப் பிறகு.

வட்சப்பில் "வியட்நாமைச் சோழன் ஆண்டான்" என்று வரும் செய்திகளை நம்பும் சொந்தக்காரர் எனக்கும் உண்டு. மீ சன் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டதும் அதே பதில் வந்தது. இல்லை மாமா. இது சாம் மக்களின் கோயில், சாம் அரசர்கள் கட்டியது, கல்வெட்டு சமஸ்கிருதத்திலும் சாம் மொழியிலும். பெருமைப்பட வேண்டுமென்றால் அவர்களுக்காகப் பெருமைப்படலாம். 1471ல் வியட்நாமியர் அவர்களுடைய தலைநகரைப் பிடித்தார்கள். ஆனாலும் தெற்கே இன்றும் சாம் மக்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒரு பகுதியினர் தங்கள் கோபுரங்களில் இன்னும் பூசை வைக்கிறார்கள்.

ஆனால் உள்ளே கால் வைத்ததும் எனக்கு என்னவோ செய்தது என்பதையும் மறைக்கவில்லை. லிங்கம், ஆவுடையார், அபிஷேக நீர் வழிந்தோடும் கோமுகி, தலையில்லாத நந்தி. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சாந்து இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. 1969ல் அமெரிக்க விமானங்கள் இங்கே குண்டு போட்டன. மிகப் பெரிய கோபுரம் போய்விட்டது. குண்டு விழுந்த பள்ளங்கள் பாதையோரத்தில் இன்னும் இருக்கின்றன, உள்ளே புல் முளைத்து. எண்பதுகளில் ஒரு போலந்துக் கட்டிடக் கலைஞர் வந்து வருடக்கணக்காக இருந்து மிஞ்சியதைக் காப்பாற்றினார். பிறகு இந்தியத் தொல்லியல் துறையும் வந்து வேலை செய்தது. அவர்கள் 2020ல் மண்ணுக்குள்ளிருந்து ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவலிங்கம் ஒன்றை எடுத்தார்கள்.

நான் வழிகாட்டியை விட்டுவிட்டு நானே விளங்கப்படுத்தத் தொடங்கிவிட்டேன். இது தண்ணி போற வழி, இது வடக்குப் பக்கம் இருக்கும், இவர் பிள்ளையார், தும்பிக்கை உடைஞ்சு போச்சு. அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "உனக்கு இஞ்ச எல்லாம் விளங்குது. என்ர நாடு எண்டு சொல்லிக்கொண்டு வந்த எனக்கு ஒரு சாப்பாட்டுக்கடையில தண்ணி கேக்கத் தெரியேல்லை."

அன்றிரவு ஹோய் ஆனில் சண்டை. ஆற்றங்கரை முழுக்கப் பட்டுக் கூண்டு விளக்குகள், உலகமே படம் எடுத்துக்கொண்டிருக்கிறது, நாங்கள் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு குந்தியிருக்கிறோம். அவள் மீ தோவுக்குப் போகப் போவதில்லை என்றாள். சைகோனில் இருந்து சாமானைத் தபாலில் போட்டுவிடலாமாம். "பன்னிரண்டு நாளா இதைத் தூக்கிக்கொண்டு திரியிறன், தபாலில போடவோ?" என்று நான் கத்தினேன். போத்தல் பாரம் என் கோபத்துக்குக் காரணம் இல்லை என்று எனக்கே தெரியும். அவள் சொன்னாள்: "எண்பத்திரண்டு வயசு மனுசி. அவவுக்கு முன்னால போய் நிண்டு அஞ்சு வயசுப் பிள்ளை மாதிரி உளறச் சொல்லுறியா? கடைக்காரர் சிரிச்சால் பரவாயில்லை. அவ சிரிச்சால்?"

அப்போதுதான் நான் யாருக்கும் அதிகம் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். கொக்குவிலில் இருந்து என் அம்மம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பா. நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "ஓம் அம்மம்மா, சாப்பிட்டன்." சொல்லிவிட்டு ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அவ கேட்கும் மற்றக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல எனக்குத் தமிழ் போதாது. பிழையாகச் சொன்னால் சிரிப்பாவோ என்ற வெட்கம். பதினைந்து வருடம் அதே ஒரு வசனம். 2007ல் அவ போய்ச் சேர்ந்துவிட்டா. நான் தமிழ் எழுதப் பழகியது அதற்குப் பிறகு. இந்தப் பத்தியை வாசிக்கிற யாராவது "உங்கட தமிழ் நல்லா இருக்கு" என்று எழுதும்போதெல்லாம் எனக்குச் சந்தோசம் வருவதில்லை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிப் போய் இரண்டு கோப்பி வாங்கிக்கொண்டு வந்தாள், கீழே தடிப்பாகக் கட்டிப்பால் விட்டது. சண்டை அதோடு முடிந்தது.

சைகோனில் இரண்டு நாள். போர் நினைவுக் காட்சிச்சாலைக்கு நான் தனியாகத்தான் போனேன். தோற்ற பக்கத்துப் பிள்ளை அவள், வாசலில் நின்று ஐஸ் போட்ட தேத்தண்ணி குடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து போனது பென் தான் சந்தைக்குக் கிட்டே, ட்ருவோங் டின் தெருவில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்கு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே வட்டித் தொழில் செய்த செட்டியார்களும் மற்றத் தமிழர்களும் எழுப்பிய கோயில். அவர்களில் பெரும்பாலானோர் 1975க்குப் பிறகு போய்விட்டார்கள். கோயில் போகவில்லை. நாங்கள் போன நேரம் உள்ளே முழுக்க வியட்நாமியர். மூலஸ்தானத்துக்குப் பின்புறக் கல் சுவரில் முகத்தை வைத்து, அம்மனிடம் ரகசியமாக வேண்டுதலைச் சொல்கிறார்கள். நான் எங்கும் காணாத வழிபாடு. சிநேகிதியும் வரிசையில் நின்று போய்ச் சுவரில் நெற்றியை வைத்தாள். கன நேரம்.

"எந்த மொழியில கேட்டனி?" என்றேன்.

"இங்கிலிஷில. மாரியம்மனுக்கு விளங்கும்தானே?"

"பிள்ளையளைக் கனடாவுக்கு அனுப்பின அம்மாமாருக்கெல்லாம் இப்ப இங்கிலிஷ் விளங்கும்" என்றேன்.

அடுத்த நாள் விடியக் காலை மீ தோ பஸ். எழுபது கிலோமீற்றர்தான். வழி முழுக்க அவள் ஒரு வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவர்கள் பக்கத்தில் மூத்த பிள்ளையை "ஒன்று" என்று கூப்பிடுவதில்லை, "ஹாய்", இரண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கடைக்குட்டிக்கு "ஊட்". அவளுடைய அம்மா ஊட். நாங்கள் பார்க்கப் போவது யீ ஹாய், எங்கள் முறைக்கு மூத்த பெரியம்மா.

பஸ் நிலையத்தில் இருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு ஒழுங்கைக்குள் கொண்டுபோய் விட்டார்கள். தென்னை, வாய்க்கால், குரைக்கிற இரண்டு நாய். வாசலில் பூப்போட்ட சட்டையும் அதே பூவில் காற்சட்டையும் போட்ட ஒரு சின்ன உருவம். நாங்கள் வருகிறோம் என்று அம்மா போனில் சொல்லியிருக்கிறா, மனுசி எப்போதிருந்து நிற்கிறாவோ. சிநேகிதி பையைக்கூட இறக்காமல், கைகளைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து, பஸ்ஸில் பாடமாக்கியதைச் சொன்னாள்.

"கொன் லா கொன் குவா ஊட்."

பிள்ளை கடைக்குட்டியின்ர பிள்ளை. கொன் என்ற சொல் அந்த ஒரு வசனத்திலேயே இரண்டு தரம் வந்துவிட்டது. இரண்டும் சரி.

பெரியம்மா சிரிக்கவில்லை. அவளுடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கன்னத்தை மூக்கால் இழுத்து மோந்தா. என் அம்மம்மாவும் அப்படித்தானாம் கொஞ்சுவா, அம்மா சொல்வா. பிறகு பேசத் தொடங்கினா, நிறுத்தவே இல்லை. சிநேகிதிக்குப் பாதி விளங்கியது, மீதிக்கு "யா, யா" என்று தலையாட்டினாள். முதலில் படங்கள் வைத்த மேடைக்குக் கூட்டிப்போய் ஊதுபத்தி கொளுத்த வைத்தா. நடுவில் கறுப்பு வெள்ளையில் பாட்டி. தைலப் போத்தல்களைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தோம். பெரியம்மா ஒன்றை அங்கேயே திறந்து நெற்றிப்பொட்டில் தடவி, கண்ணை மூடி மணந்து பார்த்தா. இன்னொன்றைக் கொண்டுபோய்த் தாயின் படத்துக்கு முன்னால் வைத்தா.

ரொறன்ரோவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தோம். அங்கே இரவு பதினொரு மணி, அம்மா விழித்திருந்தா. திரையில் சகோதரிகள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. முதலில் பேசியது அம்மாதான். பிள்ளையள் சாப்பிட்டிட்டினமா என்று கேட்டா.

சாப்பிட்டோம். மீ தோவின் ஹு தியூ, இறாலும் பன்றியும் போட்ட அரிசி நூடில்ஸ். என் வயதைக் கேட்டறிந்த பெரியம்மா எனக்கும் முறை தீர்மானித்துவிட்டா. மூன்றாவது கோப்பையை என் பக்கம் தள்ளி, "ஆன் டி, கொன்" என்றா. இதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. தின்னு பிள்ளை.

புறப்படும்போது பைகள் இரண்டும் வந்ததைவிடப் பாரம். தேங்காய் டொபி, காய்ந்த வாழைப்பழம், மூன்று பொலித்தீன் பையில் சுற்றிய மீன் சோஸ் போத்தல் ஒன்று. மூன்று பை போதவில்லை. கழுவி, வெயிலில் காயவிட்டு, பேக்கிங் சோடா தூவியும் பார்த்துவிட்டேன். என் முதுகுப்பை கராஜில்தான் இருக்கிறது, மகன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மூக்கைப் பொத்துகிறான்.

சிநேகிதி இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மீ தோவுக்குப் போன் எடுக்கிறாள். பெரியம்மா அரை மணித்தியாலம் பேசுவா. இவள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதானாம்: "யா, கொன் ஆன் ரோய்." அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"ஓம், சாப்பிட்டன்" என்றாள்.